ரேஸ்கோர்ஸ் நடைக்குப் பின்: ஒரு காலைக் கடையின் பயறும் கொள்ளும் கூழும்

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸைச் சுற்றி வரும் நடைபாதை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளமுடையது. விடிவதற்கு முன்பே அங்கே நடப்பவர்களும் ஓடுபவர்களும் கூடிவிடுகிறார்கள். அவர்களை நம்பி அக்கம்பக்கத்துத் தெருக்களில் அருகம்புல் சாறு, முளைகட்டிய பயறு, கம்பங்கூழ், மூலிகை சூப் என்று விற்கும் காலைக் கடைகளும் பெருகிவிட்டன. அவற்றுள் ஒரு குறுக்குத் தெருவில், கணவனும் மனைவியுமாக நடத்திவரும் தள்ளுவண்டிக் கடை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வண்டியின் முன்புறம் விலைப்பட்டியலும், ஒவ்வொரு பண்டமும் எந்த நோய்க்கு நல்லது என்ற நீண்ட பட்டியலும் தொங்குகின்றன. உணவு சுவையாக இருக்கிறதா என்பதோடு, உடல் எடையைக் குறைப்பதற்காக நடப்பவர் நடந்து முடித்த கையோடு இங்கே எதைச் சாப்பிட்டால் அவர் நோக்கம் நிறைவேறும் என்பதையும் பார்ப்பதுதான் இந்த மதிப்பீட்டின் முறை.

அதற்கு முதலில் நடையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்றுச் சுற்றினால் ஐந்து கிலோமீட்டர் ஆகிறது. அதை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்தால் உடல் செலவழிப்பது சுமார் 250 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 70 கலோரி செலவாகியிருக்கும் என்பதால், நடையால் கூடுதலாகச் செலவானது 180 கலோரி அளவில்தான் நிற்கும். நடை முடிந்ததும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ஒரு டீயும் இரண்டு மெதுவடையும் சாப்பிட்டால் அந்தச் செலவு முழுவதும் ஈடாகி, மேலும் வரவு கூடிவிடுகிறது. மாதக்கணக்கில் தவறாமல் நடந்தும் எடை அசையவில்லை என்று மனம் நோகும் பலருக்கு, குறை அவர்களுடைய நடையில் இல்லை. நடைக்குப் பின் சாப்பிடுவதைக் காலை உணவோடு சேர்க்காமல் தனிக் கணக்காக வைத்துக்கொள்வதிலேயே இருக்கிறது. எனவே இந்தக் கடையில் எதை வாங்கினாலும் அதுவே அன்றைய காலை உணவாகவோ, காலை உணவின் ஒரு பகுதியாகவோ இருக்க வேண்டும். இங்கே ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல நான்கு இட்லியும் சாப்பிட்டால், உணவு எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் எடை குறைய வழியில்லை.

கடையின் சிறந்த பண்டம் முளைகட்டிய பச்சைப்பயறுதான். மூடிய எவர்சில்வர் போசியில் ஈரத்துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். துணியை விலக்கும்போது புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருப்பதில்லை. முளை அரை அங்குலத்தைத் தாண்டுவதில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. நீளமாக முளைவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் தண்ணீர்ச்சத்து ஏறி, அதே எடையில் புரதத்தின் பங்கு குறைந்துபோகும். முளைகட்டுவதால், இரும்புச்சத்து போன்றவை உடலில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் பயறில் குறைவதும், வைட்டமின் சி கூடுவதும், வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைப் பொருள்கள் குறைவதும் உண்மை. கேட்டவர்களுக்கு மட்டும் பச்சையாகக் கொடுத்து, மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துக் கொடுக்கிறார்கள். இந்த வழக்கத்துக்காகவே கடையைப் பாராட்டலாம். முளைப்பதற்குத் தேவையான சூடும் ஈரமும் சால்மொனெல்லா, ஈகோலை போன்ற கிருமிகள் பெருகுவதற்கும் ஏற்றவை. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் பச்சையான முளைப்பயறைத் தவிர்ப்பதே நல்லது. ஆவியில் வேகவைப்பதால் வைட்டமின் சி ஓரளவு குறையலாம். அதை ஈடுசெய்ய எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கிறார்கள், அதனால் பயறிலுள்ள இரும்புச்சத்தும் உடலில் எளிதாகச் சேர்கிறது.

ஒரு கிண்ணத்தை வீட்டுக்கு வாங்கிச் சென்று தராசில் நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் 150 கிராம் அளவுக்கு இருந்தது. வெங்காயம், துருவிய கேரட், வெள்ளரித் துண்டுகள் ஆகியவற்றை ஒதுக்கினால் பயறு மட்டும் சுமார் 100 கிராம். வண்டியில் தொங்கும் பலகையோ நூறு கிராம் பயறில் 24 கிராம் புரதம் என்று சொல்கிறது. அந்த எண் உலர்ந்த பயறுக்குப் பொருந்தும், ஊறி முளைத்த பயறுக்குப் பொருந்தாது. ஊறி முளைக்கும்போது பயறின் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே கிண்ணத்தில் இருக்கும் புரதம் 9 கிராம் அளவில்தான் இருக்கும், கலோரி 150க்குள் அடங்கும். அதுவும் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல அளவுதான். ஆனால் ஒரு கிண்ணம் சாப்பிட்டதும் அன்றைய புரதத் தேவையில் பாதி தீர்ந்துவிட்டது என்று எண்ணி மதியம் வெறும் சோறும் ரசமுமாக நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவேனும் இந்தப் பலகையைத் திருத்தி எழுத வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 58 கிராம். உணவைக் குறைத்து எடையை இறக்கும் காலத்தில் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும் என்பதால், அப்போது இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

முளைப்பயறுக்கு அடுத்தபடியாக, அல்லது என் நாவுக்கு அதைவிட மேலாக, நான் இந்தக் கடைக்குப் போவது கொள்ளுச் சுண்டலுக்காக. கொங்கு நாட்டு வீடுகளில் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இன்றும் வாரந்தோறும் நடமாடுகின்றன. அந்தப் பக்குவம் தெரிந்த கை வேகவைத்த கொள்ளு இது. இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் வெந்நீர் மாற்றி, தோல் லேசாக வெடித்தும் உள்ளே மாவாகிக் குழையாமலும் இருக்கும் நிலையில் இறக்குகிறார்கள். சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்த வாசனை வண்டியை நெருங்கும் முன்பே வந்துவிடுகிறது. தாளிப்புக்குக் கடலை எண்ணெயைக் கரண்டியில் எடுக்காமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"கொள்ளு இன்னைக்கு நல்லா வெந்திருக்குதுங்க. தேங்காய் தூவட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மா துருவலில் கை வைக்கிறார்.

"தேங்காய் வேண்டாங்க அக்கா, எலுமிச்சம்பழம் மட்டும் கொஞ்சம் கூடப் பிழிஞ்சு விடுங்க" என்றால் அப்படியே கொடுக்கிறார். பத்து கிராம் தேங்காய்த் துருவல் 35 கலோரிக்கு மேல் போகும். அது பெரிய குற்றமில்லை, ஆனால் வாரி இறைக்கும் கடைகளில் ஒரு கிண்ணத்தில் முப்பது கிராம்வரை விழுகிறது. கேட்டுப் போடும் இந்தப் பழக்கம் எடை குறைப்பவர்களுக்குப் பேருதவி.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கொள்ளு உடலிலுள்ள கொழுப்பைக் கரைக்கும் என்ற வாசகமும் இருக்கிறது. பழமொழி சரி, வாசகம் சரியில்லை. உடலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கொழுப்பைத் தேடிப் போய்க் கரைக்கும் உணவு என்று எதுவும் கிடையாது. கொள்ளின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. உலர்ந்த கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் அளவில் புரதம் உண்டு, கொழுப்போ மிகச் சொற்பம், நார்ச்சத்து ஏராளம், அதன் மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கிறது. எள்ளிலோ எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். இளைத்தவருக்கு எது, கொழுத்தவருக்கு எது என்று நம் முன்னோர் பிரித்து வைத்ததன் பொருத்தம் இந்த எண்களிலேயே தெரிகிறது. காலை ஏழு மணிக்கு ஒரு கிண்ணம் கொள்ளைச் சாப்பிட்டவருக்குப் பத்தரை மணி டீயோடு பிஸ்கட்டைத் தேடத் தோன்றாது. எடை இறங்குவது அந்தத் தேடாத பிஸ்கட்டினால்தான். நன்றாக மென்று சாப்பிட வேண்டியிருப்பதால் வேகமாக விழுங்கவும் முடியாது. ஒரு கிண்ணம் முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது, அதற்குள் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடுகிறது.

அவித்த முட்டையும் இங்கே உண்டு; ஒன்று பத்து ரூபாய். ஒரு முட்டையில் 6 கிராம் புரதமும் சுமார் 75 கலோரியும் இருக்கின்றன. ஒரு கிண்ணம் முளைப்பயறோடு இரண்டு முட்டை சாப்பிட்டால் மொத்தம் 21 கிராம் புரதமும் 300 கலோரியும் வருகின்றன. முட்டை உண்பவர்களுக்கு ஐம்பது ரூபாயில் இதைவிட நல்ல காலை உணவு எனக்குத் தெரியவில்லை. பக்கத்து உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து வரும் இளைஞர்கள் மஞ்சள் கருவை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் ஆறு, ஏழு என்று சாப்பிடுவதையும், பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கடந்துவிட்டால் எல்லாம் வீண் என்று பதறிக்கொண்டு வண்டிக்கு ஓடி வருவதையும் பார்க்கிறேன். அந்த அரை மணிப் பதற்றம் தேவையற்றது. பிராட் ஷோன்ஃபெல்ட், ஆலன் அராகன், ஜேம்ஸ் கிரீகர் ஆகிய மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட பகுப்பாய்வு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குள் புரதம் எடுப்பதால் வந்ததாகத் தோன்றிய நன்மை, உண்மையில் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் நாள் முழுவதும் உண்ட மொத்தப் புரதம் கூடுதலாக இருந்ததால் வந்தது என்று காட்டியது. வியர்வை அடங்கி, தண்ணீர் குடித்து, முகம் கழுவி, இருபது நிமிடம் கழித்து நிதானமாக வந்து சாப்பிட்டாலும் தசை எங்கும் போய்விடாது. அந்த இருபது நிமிடத்தில் தாகத்தால் வந்த பொய்ப்பசியும் விலகிவிடும் என்பதால், எடை குறைப்பவர்களுக்குக் காத்திருப்பதே நன்மை.

கூழ் இரண்டு வகை: கம்பும் கேழ்வரகும். கம்பங்கூழை முந்தைய நாளே காய்ச்சிப் புளிக்கவைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, ஒரு மோர்மிளகாயோடு சொம்பில் தருகிறார்கள். உப்பு அளவாகவும் புளிப்பு இதமாகவும் இருக்கிறது. நடந்த உடம்புக்கு இந்தக் குளிர்ச்சி தரும் நிம்மதியைச் சாற்று வகைகள் எதுவும் தருவதில்லை. வயிறு நிறையும், தண்ணீரும் உப்பும் ஈடாகும், கலோரியும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் புரதம் குறைவு. சொம்பு முழுவதிலும் ஐம்பது கிராம் மாவுதான் இருக்கும் என்பதால் மோரையும் சேர்த்துக்கொண்டாலும் ஏழெட்டு கிராமைத் தாண்டாது. ஆகவே கூழை மட்டும் குடித்துவிட்டுப் போனால் பதினொரு மணிக்கே பசிக்கும். அரைச் சொம்பு கூழும் அரைக் கிண்ணம் கொள்ளுமாக வாங்குவது என் வழக்கம். இரண்டையும் பாதியாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள், பாதி விலைதான் வாங்குகிறார்கள். மோர்மிளகாயில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம். கேழ்வரகுக் கஞ்சியை இங்கே நாட்டுச்சர்க்கரை போட்டே காய்ச்சி வைத்துவிடுகிறார்கள். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்ற பெருமை நியாயமானதே. ஆனால் இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரை நூறு கலோரியைச் சேர்க்கிறது. சர்க்கரை சேர்க்காத கஞ்சி ஒரு பாத்திரத்தில் தனியே வைத்தால் போதும், குறை தீர்ந்துவிடும். கேட்டுப் பார்த்தேன், வாங்குபவர்கள் குறைவு என்றார்கள்.

சாற்று வகைகளில்தான் இந்தக் கடை எனக்கு ஏமாற்றம் அளிக்கிறது. அருகம்புல், வாழைத்தண்டு, வெள்ளைப் பூசணி, நெல்லிக்காய் என்று நான்கும் புதிதாக அரைத்தவை, தண்ணீர் கலந்து ஓட்டுபவை அல்ல. ஆயினும் எல்லாவற்றையும் வடிகட்டி விடுவதால் வாழைத்தண்டின் நார் முழுவதும் குப்பைக்குப் போகிறது. அதன்பின், கேட்காமலே, தேன். ஒரு மேசைக்கரண்டி தேன் 60 கலோரி. இவர்கள் ஊற்றும் அளவு அதற்குக் குறைவில்லை. சர்க்கரைக்குப் பதில் தேன் என்றால் எடை கூடாது என்ற நம்பிக்கை நடைபாதை முழுவதும் பரவியிருக்கிறது, உடலோ இரண்டையும் ஏறக்குறைய ஒரே கணக்கில்தான் எழுதிக்கொள்கிறது. தேன் இல்லாமல், உப்பும் இஞ்சியும் மட்டும் போட்டுத் தரும்படி கேளுங்கள்; நெல்லிக்காய்ச் சாறு அப்படித்தான் சுவையாகவும் இருக்கிறது. பயறு சாப்பிடுவதானால் அதனோடு கால் டம்ளர் நெல்லிச் சாறு குடிப்பது இரும்புச்சத்துக்கு உதவும். மற்ற மூன்றும் தாகம் தீர்க்கும் பானங்கள் மட்டுமே, பசிக்கு அவை உணவாகா. தாகத்துக்கு இந்த ஊர்த் தண்ணீரே போதும்; அதற்குமேல் வேண்டுமானால் தெருமுனையில் பொள்ளாச்சி இளநீர் விற்கிறார்கள், அதில் ஒரு காய்க்கு ஐம்பது கலோரி அளவில்தான் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் பொட்டாசியம் மிகுந்த இளநீர் ஆகாது, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

சூப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொல்லிமலைப் பகுதியிலிருந்து வரும் முடவாட்டுக்கால் கிழங்கைத் தோல் சீவி, இடித்து, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மண்குவளையில் ஊற்றித் தருகிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கப்படும் இது எடையை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் சோளமாவு கரைத்துக் கெட்டியாக்காத தெளிந்த சூப் என்பதால் கலோரி மிகக் குறைவு, குளிர்ந்த மார்கழிக் காலையில் முதலில் இதைக் குடித்துவிட்டுப் பயறுக்குப் போனால் சாப்பிடும் அளவும் தானாகக் குறைகிறது. வண்டியின் ஓரத்தில் கண்ணாடிச் சாடிகளில் எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் சத்துமாவு உருண்டையும் இருக்கின்றன. பழமொழியின் முதல் பாதிக்குரியவர்களுக்கு அவை நல்ல பண்டங்கள். எடை குறைக்க நடப்பவர்கள் காசு கொடுக்கும்போது சில்லறைக்குப் பதிலாக ஒரு கடலைமிட்டாய் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்; கைக்கு அடக்கமான ஒரு துண்டிலேயே நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது.

தூய்மையில் குறை சொல்ல இடமில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருந்தும், பல காலைக் கடைகளில் பிளாஸ்டிக் பூசிய தாள் குவளைகள் இன்னும் புழங்குகின்றன. இங்கே பாக்குமட்டைக் கிண்ணமும் எவர்சில்வர் டம்ளரும்தான். டம்ளரைச் சோப்பிட்டுக் கழுவி, வெந்நீர் வாளியில் முக்கி எடுத்துக் கவிழ்க்கிறார்கள். காசு வாங்குவது கணவர், உணவைத் தொடுவது மனைவி. காசைத் தொட்ட கை கிண்ணத்தைத் தொடுவதில்லை. நறுக்கிய வெள்ளரியையும் வெங்காயத்தையும் திறந்து வைக்காமல் அவ்வப்போது அரிந்து கொடுக்கிறார்கள். உட்கார்வதற்கு இடமில்லை என்பது ஒரு குறை. நின்றுகொண்டு சாப்பிட்டால் அவசரமாகத்தான் சாப்பிட நேரிடும், அதிலும் முட்டி வலியோடு நடந்து வரும் முதியவர்களுக்கு அது சிரமம். நான்கு ஸ்டூல் போட்டாலே போதும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடந்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டினால் அது இரத்தச் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். அப்போது முளைப்பயறும் கொள்ளும் உதவாது, அவை செரித்துச் சர்க்கரையாக நேரமாகும். அந்த நேரத்தில் உடனே தேனோ சர்க்கரையோ கரைத்த தண்ணீர்தான் வேண்டும். ஒருநாள் காலை அப்படித் தடுமாறிய பெரியவர் ஒருவருக்கு, கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் தேனைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, தன் சாமான் பெட்டியின் மீது உட்காரவைத்து, அவர் தெளியும்வரை பக்கத்திலேயே நின்றதைக் கண்டேன். எடை குறைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய அதே தேன் அன்று அவருக்கு மருந்தாக இருந்தது. இத்தகையவர்கள் நடைக்கு முன்பே சிறிதளவு ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது குறித்துத் தம் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

மொத்தத்தில், என்ன வாங்குவது, என்ன விடுவது என்று தெரிந்து வருபவருக்கு இது முதல்தரமான கடை. பலகையை நம்பி வருபவருக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஆவியில் வெந்த பயறு, தேங்காய் இல்லாத கொள்ளு, மோர் விட்ட கம்பங்கூழ், முட்டை ஆகிய நான்குக்கும் என் முழுப் பரிந்துரை உண்டு. கடை ஐந்தரைக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடுகிறது. வார நாள்களில் எட்டு மணிவரை எல்லாம் கிடைக்கும். சனி, ஞாயிறுகளில் கொள்ளு ஏழரைக்குள் தீர்ந்துவிடுவதால், இரண்டாவது சுற்றைத் தொடங்கும் முன்பே ஒரு கிண்ணத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சொன்னால் மறக்காமல் எடுத்து வைக்கிறார்கள்.